மதுரை வெளிச்சத்தில் திறந்த விண்மீன் கொத்துகளைப் படம் எடுப்பது: டாப்சோனியனை விற்க வேண்டுமா?

கேள்வி, திருமங்கலம் வாசகர், ஜனவரி 26, 2025

அண்ணே, என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பிப் பார்க்கிற தொலைநோக்கி) இருக்கு, குவியத்தூரம் 1200 மிமீ. கேமரா சாதாரண டிஎஸ்எல்ஆர். கிட் லென்ஸ் தவிர ஒரு 50 மிமீ லென்ஸும் வச்சிருக்கேன். கார்த்திகைக் கொத்தையும் கடக ராசியில் இருக்கிற எம்44 கொத்தையும் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க குழுவில் கேட்டால், டாப்சோனியனை வித்துட்டு ஈக்குவடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிச் சாய்த்து, வானத்தோடு சுழல்கிற தாங்கி) வாங்கு, அதுவும் மதுரை வெளிச்சத்துல நிலாவைத் தவிர ஒண்ணும் தேறாதுன்னு சொல்றாங்க. நிஜமா?

ஜனவரி 26, இரவு 10.50

விற்காதே தம்பி. கண்ணால் பார்ப்பதற்கு 8 அங்குல டாப்சோனியனுக்கு ஈடாக அந்த விலையில் எதுவும் கிடையாது. படம் எடுப்பது வேறு வேலை, அதை அந்தக் குழாயின் தலையில் கட்ட வேண்டாம்.

கணக்கு இதுதான். 1200 மிமீ குவியத்தூரத்தில், 3.7 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில், ஒரு பிக்சலுக்கு வானத்தில் 0.64 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) கிடைக்கும். வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரே ஒரு நொடி திறந்து வைத்தாலும் நட்சத்திரம் 23 பிக்சல் நீளத்துக்குக் கோடாக இழுத்துவிடும். அதே கேமராவில் 50 மிமீ லென்ஸைப் போட்டால் ஒரு பிக்சல் 15 ஆர்க்செகண்ட். சாதாரண முக்காலியில் வைத்து இரண்டு மூன்று நொடி எடுக்கலாம். அதில் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கிச் சேர்த்தால் எம்44 நன்றாகவே விழும். செலவு எதுவும் இல்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

மதுரை வெளிச்சத்தில் ஒன்றும் தேறாது என்பது நெபுலா என்கிற வாயு மேகத்துக்கும் கேலக்ஸிக்கும் பொருந்தும். திறந்த கொத்துக்குப் பொருந்தாது. நெபுலாவின் வெளிச்சம் பரந்து கிடக்கிறது, ஊர் விளக்கின் வெளிச்சமும் அதே மாதிரி பரந்து கிடக்கிறது, இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். நட்சத்திரம் தன் ஒளி முழுவதையும் நாலைந்து பிக்சலுக்குள் கொட்டிவிடுவதால் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் தலை தூக்கி நிற்கும். கார்த்திகையில் மெரோப்பி என்ற நட்சத்திரத்தைச் சுற்றி நீலப் புகை மாதிரி தெரிகிறதே, அது மட்டும் ஊருக்குள்ளிருந்து வராது. நட்சத்திரங்கள் வரும்.

ஜனவரி 27, காலை

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. கார்த்திகையை இப்போதே எடுத்துவிடு. ஜனவரி கடைசியில் ராத்திரி ஏழே முக்கால் மணிக்கெல்லாம் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அப்புறம் மேற்கே சாய்வு. எம்44-க்கு அவசரம் இல்லை, ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்கு.

ஜனவரி 28, இரவு

ஈக்குவடோரியல் மவுண்ட் வாங்கச் சொல்பவர்கள் யாரும் மதுரையின் அட்சரேகையைப் பற்றிப் பேசுவதில்லை. நாம் இருப்பது ஏறக்குறைய 9.9 டிகிரி வடக்கு. அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து பத்து டிகிரிதான் உயரும். எனக்கு வீடு திருநகரில். வடக்கே திரும்பினால் மொத்த மதுரையும் அந்தப் பக்கம்தான். அந்த வெளிச்சப் புகைக்குள் துருவ நட்சத்திரம் தெரிவது வருஷத்தில் சில ராத்திரிகள் மட்டும், அதுவும் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்காத மூலையில் நின்றால். பத்து டிகிரிக்குச் சாய்த்தால் பல மவுண்ட்களில் எடைத்தண்டு முக்காலியின் காலில் வந்து இடிக்கும். ஐரோப்பாவில் 50 டிகிரியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது, அவர்கள் எழுதிய வழிகாட்டியைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். மென்பொருளை வைத்து வேறு திசை நட்சத்திரங்களைக் கொண்டே துருவத்தைச் சரிசெய்யும் வழி இப்போது உண்டு. ஆனால் அதற்கு லேப்டாப், கேபிள் என்று ஒரு மூட்டை சேரும். முதல் வருஷத்தில் அதெல்லாம் வேண்டாம்.

நான் வைத்திருப்பது 80 மிமீ லென்ஸ் தொலைநோக்கி, குவியத்தூரம் 480 மிமீ, மோட்டார் வைத்த சாதாரண ஆல்ட்-அஸ் மவுண்ட் (மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்புகிற தாங்கி). உன் கேமராவில் இருக்கிற சைஸ் சென்சாரில் 2.6 டிகிரிக்கு 1.8 டிகிரி வானம் அடங்கும். கார்த்திகை, எம்44 இரண்டும் முழுசாக உட்காரும். உன் டாப்சோனியனில் கேமரா ஃபோகஸ் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது ஒரு டிகிரி அகலம்தான். எம்44-இன் அகலம் ஒன்றரை டிகிரி.

ஜனவரி 30

சிவகங்கை அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆல்ட்-அஸ் மவுண்ட்டில் படம் சுழலுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று. நல்ல கேள்வி அண்ணே. இதற்குப் பதில் நம்ம ஊரை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆல்ட்-அஸ் மவுண்ட் நட்சத்திரத்தைத் துரத்தும்போது படத்தின் நடு அப்படியே நிற்கும், ஓரம் மெல்லச் சுழலும். சுழலும் வேகம் எல்லாத் திசையிலும் ஒன்று இல்லை. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் பூஜ்யம். நேர் தெற்கிலும் வடக்கிலும் அதிகம். உச்சியை நெருங்க நெருங்க எகிறிவிடும். மதுரையில் அதன் அடிப்படை அளவு மணிக்கு 14.8 டிகிரி, அதைத் திசையின் கொசைனால் பெருக்கி, உயரத்தின் கொசைனால் வகுக்க வேண்டும்.

இப்போது எம்67-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், கடக ராசியில் எம்44-க்குக் கீழே இருக்கிற பழைய கொத்து. அதன் நடுவரை விலக்கம் (வானத்தின் நடுக்கோட்டிலிருந்து உள்ள தள்ளல்) 11.8 டிகிரி வடக்கு, நம்ம அட்சரேகையோ 9.9. அதனால் அது கிழக்கே உதித்து ஏணி ஏறுவது போல நேராக மேலே வருகிறது. 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு இரண்டரை டிகிரிதான். முப்பது நொடி எக்ஸ்போஷரில் படத்தின் மூலை நகர்வது ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே, கண்ணுக்கே தெரியாது. தெற்கே விருச்சிகத்து வாலில் இருக்கிற எம்7 அதே 45 டிகிரி உயரத்தில் மணிக்கு 21 டிகிரி சுழல்கிறது. அதற்குப் பத்து நொடி கொடுத்தாலும் மூலை நாலு பிக்சல் போய்விடும், மூன்று நொடியோடு நிறுத்த வேண்டும்.

ஆக, மதுரைக்காரனுக்கு ஆல்ட்-அஸ் ஒரு குறையே இல்லை, கிழக்கையும் மேற்கையும் பார்த்து எடுத்தால். குளிர்காலக் கொத்துகளில் பல அந்த வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன. இதை எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது.

ஜனவரி 30, இன்னும் கொஞ்சம்

அதே எம்67 உச்சிக்கு வரும்போது தொடாதீர்கள். 88 டிகிரி உயரம், கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. சுழற்சி மணிக்கு 400 டிகிரியைத் தாண்டும், மோட்டாரும் திண்டாடும். 65 டிகிரி வரைக்கும் எடுத்துவிட்டு, அது உச்சி தாண்டி மேற்கே இறங்கும்வரை வேறொன்றைப் பார்க்கப் போய்விடலாம். டாப்சோனியனில் கண்ணால் தேடுபவர்களுக்கும் இதே தொல்லைதான், தலைக்கு மேலே இருப்பதைக் குழாயைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

பிப்ரவரி 2

தம்பி கதவுக்கீல் டிராக்கர் (கேமராவை வானத்தோடு சேர்த்து மெல்லத் திருப்புகிற கீல் பலகை) செய்யலாமா என்கிறான். செய். 50 மிமீக்கும் 135 மிமீக்கும் அது போதும், செலவும் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

இரண்டு பிளைவுட் பலகை, நடுவில் ஆட்டம் இல்லாத ஒரு நல்ல கீல். கீலின் அச்சிலிருந்து 228.6 மிமீ தள்ளி ஒரு துளை. அதில் 6 மிமீ திருகுக் கம்பி. கடையில் கிடைக்கும் சாதாரண 6 மிமீ திருகின் புரி இடைவெளி ஒரு மில்லிமீட்டர், அதனால் நிமிஷத்துக்கு ஒரு சுற்று திருகினால் பலகை சரியாக வானத்தின் வேகத்தில் திறக்கும். அந்த 228.6 எங்கிருந்து வருகிறது என்றால், பூமி நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும்போது ஒரு சுற்று முடிக்க 1436 நிமிஷம் எடுக்கிறது, அதை இரண்டு பை-யால் வகுத்தால் 228.6. மோட்டார் வேண்டாம். திருகின் தலையில் ஒரு மூடியை ஒட்டி, பக்கத்தில் நொடிமுள் உள்ள சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, முள்ளோடு முள்ளாகக் கையால் திருகினால் போதும். துளையை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து நேராகப் போடச் சொல். கையில் ட்ரில் பிடித்துப் போட்டால் சாய்ந்துவிடும், சாய்ந்தால் திருகு நடுவழியில் இறுகும்.

கீலின் அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரி. வடக்கத்திக்காரர்கள் 30, 40 டிகிரிக்குச் சாய்க்கப் படாதபாடு படுவார்கள். நீ ஒரு சின்ன ஆப்புக் கட்டையைப் பலகைக்கு அடியில் செருகினால் வேலை முடிந்தது.

வடக்கு எது என்று கண்டுபிடிக்கத் துருவ நட்சத்திரம் தேவையில்லை. கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை மொட்டை மாடியில் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழலைத் தரையில் பெயின்டால் கோடு போட்டு வை. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் மதுரையில் அந்த நேரம் பகல் 12.30 வாக்கில். அந்தக் கோடு நிஜ வடக்கு-தெற்கு. சித்திரையில் போடலாம் என்று தள்ளிப்போடாதே, அப்போது சூரியன் தலைக்கு மேலே நிற்கும், நிழலே விழாது. என் மாடியில் போட்ட கோடு மூன்று மழைக்காலம் தாண்டி இன்னும் இருக்கிறது.

ஒரு டிகிரி பிசகினாலும் 50 மிமீயில் ஒரு நிமிஷ எக்ஸ்போஷர் தாங்கும். 135 மிமீ என்றால் அரை நிமிஷம்.

பிப்ரவரி 5

சிவகங்கை அண்ணன் ஒளி மாசு ஃபில்டர் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணே, கொத்துக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. அந்த ஃபில்டர்கள் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளின் குறிப்பிட்ட அலைநீளங்களை வெட்டுவதற்காக வந்தவை. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. அது எல்லா நிறத்திலும் பரவிய வெளிச்சம், எதை வெட்டுவது? ஃபில்டர் மஞ்சளைத் தின்றுவிட்டுப் போக, ஆரஞ்சு நட்சத்திரம் நிறம் மாறிப் பரிதாபமாக நிற்கும். திறந்த கொத்தில் படம் எடுப்பதே அந்த நிறத்துக்காகத்தான்.

நிறத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, இரவு நெடுநேரம்

இணையத்தில் வருகிற கொத்துப் படங்களில் பாதிக்கு மேல் கறுப்புத் துணியில் உப்பு தூவிய மாதிரி இருக்கும். அத்தனையும் வெள்ளை. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும், ஏனென்றால் அந்த வானத்தில் அப்படி இல்லை.

பிரகாசமான நட்சத்திரத்துக்கு அதிக நேரம் கொடுத்தால் சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்துவிடும். மூன்றும் நிரம்பினால் வெள்ளை. அப்புறம் எந்த மென்பொருளாலும் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் என் வழக்கம் இது: முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கி, கொத்திலேயே பிரகாசமான நட்சத்திரத்தின் நடுவைப் பார்ப்பேன். நிரம்பியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குவேன். இன்னும் நிரம்பியிருந்தால் ஐஎஸ்ஓவைக் குறைப்பேன். மங்கலான நட்சத்திரங்கள் தெரியவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை, படங்களின் எண்ணிக்கை கூடக்கூட அவை அடியிலிருந்து மேலே வந்துவிடும். நாலு பெரிய எக்ஸ்போஷரைவிட நானூறு சின்ன எக்ஸ்போஷர் கொத்துக்கு நல்லது.

இன்னும் பொறுமை இருந்தால் இரண்டு தொகுதி எடுக்கலாம். மூன்று நொடியில் ஒன்று, பதினைந்து நொடியில் ஒன்று. பிரகாசமானவற்றின் நடுவை முதல் தொகுதியிலிருந்தும், மற்றதை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அடுக்கிச் சேர்க்க சிரில் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் படத்தைப் பிரகாசமாக்கும்போது ஆர்க்சைன்-எச் என்று ஒரு வழி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் நட்சத்திரத்தின் மூன்று நிறங்களுக்கும் உள்ள விகிதம் கெடாது. சாதாரண கர்வை இழுத்தால் எல்லாம் வெளுத்துப்போகும்.

நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கொத்தின் வயசு அதில்தான் இருக்கிறது. ஒரு கொத்தில் இருக்கும் எல்லா நட்சத்திரமும் ஒரே மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. கனமானவை நீலமாக எரிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கார்த்திகைக்கு வயசு பத்துக் கோடி வருஷத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், இன்னும் நீலமாகவே இருக்கிறது. எம்44-க்கு அறுபது எழுபது கோடி வருஷம், அங்கே வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவே சில ஆரஞ்சு ராட்சதர்கள் வந்துவிட்டார்கள். எம்67-க்கு ஏறக்குறைய நானூறு கோடி வருஷம், நம்ம சூரியனோடு ஒப்பிடக்கூடிய வயசு. மூன்றையும் ஒரே கேமராவில், ஒரே அமைப்பில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகம் தேவைப்படாது.

பிப்ரவரி 11, தைப்பூசம்

இன்றைக்கு எம்44 எடுக்கிறேன் என்று கிளம்பிய தம்பிக்கு: வீட்டுக்குப் போ. தைப்பூசம் என்றால் தை மாதத்தில் நிலா பூச நட்சத்திரத்துக்கு வரும் நாள், பௌர்ணமியை ஒட்டி. பூசம் இருக்குமிடம் கடக ராசியின் நடு, எம்44 அதற்குள்ளேயே இருக்கிறது. நிலா இன்றைக்கு அதன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடும். கார்த்திகை தீபத்தன்றும் இதே கதை, முழு நிலாவும் கார்த்திகைக் கொத்தும் அடுத்தடுத்து.

மாதக் காலண்டரில் பார்க்க வேண்டியது அமாவாசையை மட்டும் இல்லை, அன்றாட நட்சத்திரத்தையும் பார்க்கலாம். அன்றைய நாள் நட்சத்திரம் கார்த்திகை என்று போட்டிருந்தால் நிலா அந்தக் கொத்தின் பக்கத்தில் நிற்கிறது. ரோகிணி என்றால் அதற்கு அடுத்து. ஒரு நாளைக்கு 13 டிகிரி நகர்வதால் நாலைந்து நட்சத்திரம் தள்ளிப்போய்விட்டால், பிறை மெலிந்த நாட்களில் வேலையைத் தொடங்கலாம். எங்கள் அப்பத்தா காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் வாய்விட்டுப் படிப்பார், அப்படித்தான் எனக்கு இருபத்தேழும் வரிசையாக மனப்பாடம்.

இன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் கூட்டம். நிலா மலைக்கு மேலே. கேமராவை உள்ளே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27

நேற்று மகா சிவராத்திரி. சிவராத்திரி எப்போதுமே அமாவாசைக்கு முந்தைய ராத்திரியை ஒட்டி வருவதால் வருஷத்தின் நல்ல இருட்டுகளில் அது ஒன்று. நான் போனது உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு. அந்தப் பக்கத்தில் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் பெரிய கும்பிடு, வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள், ஊருக்கு ஊர் டியூப்லைட் சரம். தோட்டம் ஊரிலிருந்து தள்ளி இருந்ததால் தப்பித்தது.

ஏழரைக்கு எம்67-இல் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்தேன், கிழக்கு வானில் ஏறும்போதே. இருபது நொடி வீதம். அப்புறம் எம்46, எம்47 என்ற கொத்துகள் இரண்டையும் ஒரே படத்தில். ஒன்றேகால் டிகிரி இடைவெளிதான், 480 மிமீயில் சுகமாக அடங்கும். எம்47-இல் பிரகாசமான நீல நட்சத்திரங்கள் கொஞ்சம். பக்கத்தில் எம்46 மாவு மாதிரி மங்கலான நூற்றுக்கணக்கானவை. அந்த மாவின் ஓரத்தில் பச்சை நீலமாக ஒரு குட்டிப் பொட்டு, என்ஜிசி 2438 என்ற கோள்வடிவ நெபுலா. அது கொத்தைச் சேர்ந்தது கிடையாது, முன்னால் நிற்கிறது. கேமராத் திரையில் அந்தப் பொட்டைப் பெரிதாக்கியதும் சித்தப்பா மகன் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறைதான்.

பதினொன்றுக்கு மேல் மும்முனை மின்சாரம் வந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் பம்புசெட் ஓட ஆரம்பித்தது, மோட்டார் ரூம் பல்பு எரிந்தது. பல்பை மறைத்துவிடலாம். ஆனால் பாத்தியில் தண்ணீர் பாய்ந்தவுடன் காற்றில் ஈரம் ஏறி, அரை மணியில் லென்ஸில் பனி. முதலில் நடுவில் ஒரு மங்கல், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி வட்டமாக ஒளி, அப்புறம் மொத்தமும் பால். துணியால் துடைக்காதீர்கள், கோட்டிங் போகும். பழைய யோகா பாயை லென்ஸ் விட்டத்தின் இரண்டு மடங்கு நீளத்துக்குச் சுருட்டி மாட்டினால் மார்கழி தையில்கூட ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை வேண்டும்.

பிப்ரவரி 28

ஜனவரி 26-இல் எழுதியதை எம்46-ஐப் பார்த்த பிறகு கொஞ்சம் திருத்துகிறேன். ஊர் வெளிச்சம் கொத்துகளைக் கெடுக்காது என்பது பிரகாசமான கொத்துகளுக்கு. எம்46-இல் இருப்பவை பெரும்பாலும் பிரகாசத்தில் பத்தாம் அளவைவிட மங்கலானவை. திருநகர் மாடியிலிருந்து எடுத்தால் மாவு தெரியாது, நாலு பருக்கை தெரியும். ஆகவே ஊருக்குள் இருப்பவர்களுக்கு: கார்த்திகை, எம்44, எம்47, சிரியஸுக்குக் கீழே எம்41, மிதுனத்தில் எம்35. தோட்டம் துரவு இருப்பவர்களுக்கு: எம்46, எம்67, எம்35-க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்ஜிசி 2158. எம்35 சுமார் 2,800 ஒளியாண்டில் இருக்கிறது, 2158 அதைவிடப் பல மடங்கு தொலைவு. இரண்டும் ஒரே படத்தில் விழும்போது ஆழம் தெரியும்.

மார்ச் 4

மேலூர் டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கார்த்திகைப் படத்தைப் பெரிதாக அச்சடித்து எண்ணச் சொல்லுங்கள் டீச்சர். வெறும் கண்ணுக்கு ஆறு. 1610-இல் கலிலியோ தன் சின்னத் தொலைநோக்கியில் பார்த்து 36 நட்சத்திரம் வரைந்தார். எம்44-இல் நாற்பதுக்கு மேல் எண்ணினார். உங்கள் பிள்ளைகள் 50 மிமீ லென்ஸ் படத்திலேயே அவரைத் தாண்டிவிடுவார்கள். பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டமிடச் சொல்லுங்கள், சந்தேகமானதற்குக் கேள்விக்குறி. இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது என்று பேசிக்கொள்ளட்டும்.

மார்ச் 25

தம்பி கீல் டிராக்கரில் எடுத்த எம்44 படத்தை அனுப்பியிருக்கிறான். 50 மிமீ, முப்பது நொடி. நட்சத்திரங்கள் நல்ல வட்டம், திருகு ஓடியிருக்கிறது. ஆனால் ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை. ஐஎஸ்ஓ 6400-இல் முப்பது நொடி அதிகம் தம்பி, எல்லாம் நிரம்பிவிட்டது. 800-க்கு இறக்கு, பத்து நொடி போதும், எண்ணிக்கையைக் கூட்டு. ஃபோகஸும் இம்மி தள்ளி. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி சிரியஸில் வைத்துச் சரிபார்த்து, லென்ஸ் வளையத்தைச் செல்லோடேப்பால் ஒட்டிவிடு. வெயில் கால ராத்திரியில் கேமரா உடம்பே சூடாக இருக்கும், அதனால் மூடியைப் போட்டு அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் இருபது டார்க் படம் (சூட்டில் சென்சாரில் வரும் இரைச்சலைக் கழிப்பதற்கான இருட்டுப் படம்) அன்றைக்கே எடுத்துவிடு. மார்கழியில் எடுத்து வைத்த டார்க் பங்குனிக்கு உதவாது.

மார்ச் 30

யாரும் தெற்கைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். மதுரையில் இருப்பதன் பெரிய லாபம் அங்கேதான் இருக்கிறது. கரீனா என்ற தெற்கு விண்மீன் கூட்டத்தில் என்ஜிசி 3532 என்று ஒரு கொத்து. ஹபிள் தொலைநோக்கி 1990 மே மாதம் முதன்முதலில் கண் திறந்து எடுத்த படம் இதன் ஒரு துண்டுதான். டெல்லியில் இது அடிவானத்துக்கு மேல் மூன்று டிகிரிகூட எழும்பாது. நமக்கு 21 டிகிரி. இந்த நாட்களில் ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் நேர் தெற்கே வந்து நிற்கிறது. தெற்குக் கார்த்திகை என்று சொல்லப்படும் ஐசி 2602 அதற்கும் கீழே, 16 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. தெற்குச் சிலுவையில் நகைப்பெட்டி என்ற கொத்து, 20 டிகிரி. நீலங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு, வானியலர் ஜான் ஹெர்ஷல் அதை நகைக்கு ஒப்பிட்டது சும்மா இல்லை.

21 டிகிரியில் ஒளி கடந்து வரும் காற்று தலைக்கு மேல் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நீலம் அதில் அதிகம் தேயும், எல்லா நட்சத்திரமும் மஞ்சளாகச் சாயும். சிரிலில் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் வசதியை இங்கே கட்டாயம் பயன்படுத்துங்கள். சுழற்சி மணிக்கு 16 டிகிரி, ஆகவே நாலு நொடிக்கு மேல் வேண்டாம். திருமங்கலத்திலிருந்து பார்த்தால் தெற்கே விருதுநகர்ப் பக்கத்து வெளிச்சம் இருக்கும். பேரையூர்ப் பக்கம் போனால் குறையும்.

ஏப்ரல் 27

இன்றைக்கு அதிகாலை மூன்றரைக்கு எம்6, எம்7 இரண்டும். விருச்சிகத்தின் கொடுக்குக்குக் கிழக்கே, தெற்கு வானில் பாதி உயரத்தில். எம்7-ஐப் பழைய வானியலர் டாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார், வெறும் கண்ணுக்கே மேகத்துண்டாகத் தெரியும். எம்6-இல் நீல நட்சத்திரங்களின் ஓரத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு, பிஎம் ஸ்கார்ப்பியை. மூன்று நொடி எக்ஸ்போஷரில் அது அப்படியே செம்பு நிறத்தில் வந்திருக்கிறது. பத்து நொடிப் படத்தில் வெளிறிய மஞ்சள்.

அந்த நட்சத்திரம் மாறுவிண்மீன், மெல்ல மங்கி மெல்லப் பிரகாசிக்கும். தம்பி, இந்த வருஷம் முழுக்க விருச்சிகம் தெரிகிற மாதங்களில் மாதம் ஒருமுறை அதே லென்ஸ், அதே ஐஎஸ்ஓ 800, அதே மூன்று நொடியில் எம்6-ஐ எடுத்து வை. பக்கத்து நீல நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் பிரகாசத்தைக் குறித்துக்கொண்டே வரலாம். அடுத்த அமாவாசை மே 27. ஆடிக் காற்று தொடங்குமுன் கிடைக்கும் தெளிந்த ராத்திரிகள் அதை ஒட்டித்தான், முக்காலிக்கு அடியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு எடு.